மூன்றாவது வீடியோ

அலங்காநல்லூரைத் தாண்டி வெள்ளைக்கரைப்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முத்துமீனா துப்பட்டாவை இரண்டாக மடித்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். ஆறு மாதமாக இதுதான் நடைமுறை. விலக்கிலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் கண்மாய்க் கரையை ஒட்டியே நடக்க வேண்டும். அந்தக் கரையில்தான் யாரோ லாரியில் கொண்டுவந்து கோழிக்கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

குடல், கால், தலை, இறகு எல்லாவற்றையும் உரச்சாக்கில் கட்டிக் கொட்டுவார்கள். இரண்டு நாள் வெயிலில் சாக்கு உப்பி, தையல் பிரிந்து, உள்ளிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து கண்மாய்க்குள் இறங்கும். அது இறங்கிய தடமெல்லாம் புழு நெளியும். காற்று திரும்பினால் அந்த வாடை வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும். முத்துமீனாவுக்குத் துவைத்த துணியிலும் அந்த வாடை, தலைமுடியிலும் அந்த வாடை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் லேசாக நகர்ந்தாலே, தன்னிடமிருந்துதான் நாறுகிறதோ என்று அவளுக்கு உடம்பு கூசும்.

கண்மாயின் மேட்டுப்பக்கம் பெரிய ஊர். பள்ளத்தில் முத்துமீனாவின் தெரு, நாற்பது வீடு. அந்த வீடுகளின் தாத்தாக்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இன்றைக்கு அதே தெருவில் ஒரு நர்ஸ் உண்டு, இரண்டு ஆசிரியர்கள் உண்டு, சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கியவர்களும் உண்டு. ஆனாலும் லாரிக்காரன் மேட்டுப்பக்கத்தில் ஒரு மூட்டைகூடப் போட்டதில்லை. பள்ளத்துக் கரையாகப் பார்த்துத்தான் கொட்டினான். அவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத விஷயம் அது.

முத்துமீனாவுக்கு முப்பத்தோரு வயது. ஐ.டி.ஐ படித்துவிட்டுக் கோச்சடையில் ஒரு கேமரா கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று கேமரா பொருத்துவது, பழுது பார்ப்பது, பதிவான படங்களை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அவளுடைய சின்னம்மா ராக்கம்மாள்தான் அந்த வார்டு உறுப்பினர். மூன்று முறை மனுக்கொடுத்தும், "யார் கொட்டுறதுன்னு ஆதாரத்தோட வாங்க" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் முத்துமீனா, "ஒரு கேமராவ மாட்டிருவோம் சின்னம்மா" என்றாள்.

கடை முதலாளி சூரியபிரகாஷ் பழைய கேமரா ஒன்றையும், படங்களைச் சேர்த்து வைக்கும் டி.வி.ஆர் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். கரையோரத்தில் மின்சாரம் இருந்த ஒரே இடம் முத்துக்கருப்பனின் பம்புசெட் அறை. அவர் மேட்டுப்பக்கத்து விவசாயி. அவர் சம்மதிப்பார் என்று தெருவில் யாரும் நினைக்கவில்லை. அவரோ, "என் கெணத்துத் தண்ணியும் நாறுதுத்தா. மாட்டிக்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

பழைய பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் சிறியது. ஏழு நாள் படங்களைத்தான் தாங்கும். எட்டாம் நாள் வந்தால் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாரி வந்தது. சாயங்காலம் புதிய குவியலைப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. முத்துக்கருப்பனோ பம்புசெட் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விருதுநகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் அந்தப் படம் அழிந்துவிடும். முத்துமீனா அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கடை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

பம்புசெட் அறை தகரக் கூரை. உள்ளே அடுப்பாகக் கொதித்தது. லேப்டாப்பை டி.வி.ஆரோடு இணைத்துச் சனிக்கிழமைப் பதிவைத் தேடினாள். இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு லாரி வந்திருந்தது. முதல் வீடியோவில் லாரி கரைமேல் ஏறி வருகிறது. இரண்டாவதில் இரண்டு ஆட்கள் மூட்டைகளை உருட்டிவிடுகிறார்கள். மூன்றாவதில் லாரி திரும்புகிறது. திரும்பும்போது நம்பர் பலகை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"மாட்டுனான்ணே!" என்று கத்தினாள்.

வாசலில் நின்ற முத்துக்கருப்பன் எட்டிப் பார்த்து, "அம்புட்டுத்தான் அவன் கதை" என்றார்.

லேப்டாப்பில் இடமில்லை. நேராகப் பென் டிரைவுக்கே மூன்று வீடியோவையும் ஏற்றினாள். பெரிய வீடியோக்கள், மெல்லத்தான் நகர்ந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் எதையோ இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. முழ நீளத்துக்குக் கோழிக்குடல். மண்ணும் இறகும் ஒட்டி, நீலம் பாரித்து, நடுவில் உப்பியிருந்தது. நாய் அதை நிலைப்படியில் போட்டு, முன்னங்காலால் அழுத்திப் பிடித்துக் கடித்தது. உப்பியிருந்த இடம் வெடித்தது. உள்ளே இருந்தது முத்துமீனாவின் செருப்பு வரைக்கும் தெறித்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். நகர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு முடிந்து மறைந்திருந்தது. பென் டிரைவின் சின்ன விளக்கு மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் பென் டிரைவைப் பிடுங்கினாள். லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஓடி, வாய்க்கால் ஓரமாகக் குனிந்து, மத்தியானம் தின்ற தயிர்ச்சோறு முழுவதையும் வாந்தி எடுத்தாள்.

"முடிஞ்சதாத்தா?" என்று பின்னாலிருந்து கேட்டார் முத்துக்கருப்பன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள். செருப்பைக் கழுவ மனசு வராமல் தூக்கி எறிந்தாள். பென் டிரைவைத் திறந்து ஒரு முறை பார்த்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. அந்தக் குவியலை மறுபடி திரையில் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ராக்கம்மாள், முத்துக்கருப்பன், தெருவிலிருந்து ஐந்தாறு பேர், முத்துமீனா என்று ஒரு வேன் நிறையப் பேர் மதுரைக்குப் போய் மனு வாங்கும் அலுவலகத்தில் காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி அம்மாள் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், பொறுமையாகக் கேட்டார். "வீடியோ இருக்கா? நல்லதாப் போச்சு. ஜெயபாண்டி, வாங்கிப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

ஜெயபாண்டி அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள். மேசையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பாதி வடை கிடந்தது. அவன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பென் டிரைவை வாங்கினான். மூடியைக் கழற்றி, அதன் முனையைக் காதுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இதமாக ஒரு குடை குடைந்தான். எடுத்துப் பார்த்தான். ஒட்டியிருந்ததை மேசை விளிம்பில் தேய்த்தான். பிறகுதான் பென் டிரைவைச் செருகினான்.

முத்துமீனா முகம் சுளித்தாள். கண்மாய்க்கரை நாற்றத்துக்காவது வெயில் காரணம், இவனுக்கு என்ன காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வீடியோ ஓடியது. "இதான் லாரிங்கம்மா" என்றாள் ராக்கம்மாள். இரண்டாவதும் ஓடியது. மூட்டைகள் உருண்டன. அதிகாரி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நம்பர் தெரியலையே" என்றார்.

"மூணாவதுல இருக்கும்மா. தெளிவா இருக்கு" என்றாள் முத்துமீனா.

மூன்றாவதை அழுத்தினான் ஜெயபாண்டி. கறுப்புத் திரை. மறுபடி அழுத்தினான். திறக்க முடியவில்லை என்று வந்தது. "ச்சை" என்று சொல்லிவிட்டு, எதையும் மூடாமல் பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினான். வாயருகே வைத்து ஊதினான். எச்சில் தெறித்தது. பேன்டில் தேய்த்துவிட்டுச் செருகினான். வரவில்லை. பிடுங்கினான், வேறு துளையில் செருகினான். மறுபடி பிடுங்கினான்.

"சார், அப்படிப் புடுங்காதீங்க! உள்ள இருக்கிறது கெட்டுப்போகும்" என்று பதறினாள் முத்துமீனா.

"எனக்கே பாடமா? பதினாலு வருசமா இப்படித்தான் புடுங்குறேன்" என்று நான்காவது முறை செருகினான். இந்த முறை பென் டிரைவே திறக்கவில்லை. 'இதை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று திரையில் வந்தது. அவன் சர்வசாதாரணமாகச் சரி என்பதை அழுத்தப் போனான். முத்துமீனா பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். பிசுக்கென்று அந்த எண்ணெய் அவள் விரலில் ஒட்டியது.

ராக்கம்மாள் சும்மா விடவில்லை. "ஓடிக்கிட்டிருந்த படத்தக் கெடுத்துப்புட்டானே! எங்க கண்ணு முன்னாலயே கெடுத்துப்புட்டானே! எவன்டா சொல்லிக் கெடுத்த?" என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். முத்துக்கருப்பனும், "நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோம்மா" என்றார். ஜெயபாண்டி, "பென் டிரைவ் டூப்ளிகேட்டும்மா" என்று முணுமுணுத்தான். அதிகாரி அம்மாளுக்கே கோபம் வந்துவிட்டது. "விளக்கம் எழுதிக் கொடுங்க ஜெயபாண்டி. நாளான்னைக்குள்ள வேணும்" என்றார்.

வேனில் திரும்பும்போது எல்லோர் வாயிலும் ஜெயபாண்டிதான். லாரிக்காரன் அவனைக் கவனித்திருப்பான், இல்லாவிட்டால் இத்தனை தடவை பிடுங்குவானா என்றார்கள். முத்துமீனாவும் அதையே நம்பினாள். அவன் காது குடைந்த அந்த மூடியை ஒரு காகிதத்தில் சுற்றித்தான் பைக்குள் வைத்திருந்தாள்.

மறுநாள் கடையில் அந்தப் பென் டிரைவை எடுத்து உட்கார்ந்தாள். கெட்டுப்போன பென் டிரைவிலிருந்து படங்களை மீட்பது அவளுக்குப் பழக்கமான வேலை. முதலில் அதில் இருந்ததையெல்லாம் அப்படியே ஒரு நகல் எடுத்தாள். அசலைத் தொடாமல், நகலில்தான் தேடினாள். முதல் வீடியோ முழுசாகக் கிடைத்தது. இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவதன் பெயர் இருந்தது, அளவு இருந்தது, அது இருக்க வேண்டிய இடமும் தெரிந்தது. அந்த இடத்தில் இருந்ததை எடுத்து ஓடவிட்டாள்.

லாரி வரவில்லை. ஒரு ஆள் ஏணியில் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். கேமரா பொருத்துவது எப்படி என்று புதிய ஆட்களுக்குக் காட்ட அவளே ஒரு வருடத்துக்கு முன் எடுத்த வீடியோ. அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்து, அவள் அழித்தது.

முத்துமீனா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். அந்தப் படத்துக்கு அர்த்தம் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரி வீடியோ எழுதப்பட்டு, பிறகு ஜெயபாண்டி பிடுங்கியதில் கெட்டிருந்தால், அந்த இடத்தில் லாரியின் துண்டு துணுக்காவது கிடக்கும். பழைய வீடியோ அப்படியே இருக்கிறது என்றால், அந்த இடத்தில் புதிதாக எதுவுமே எழுதப்படவில்லை. பெயர் மட்டும் ஏறியிருக்கிறது. படம் ஏறுவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கியது வெள்ளிக்கிழமை, பம்புசெட் அறையில், அவள் கை.

லேப்டாப்பின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். நினைத்தபடியே இருந்தது. சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காக நாலு மாதத்துக்கு முன் அவளே மாற்றி வைத்தது. அப்படி வைத்தால் லேப்டாப் எழுதி முடிக்கும் முன்பே முடிந்ததாகத் திரையில் காட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும். அதனால்தான் 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே எடுக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைத் தினம் பத்துத் தடவை சொல்லுகிறவள் அவள். கல்யாண ஆல்பத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவர்களை, "ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா?" என்று கடிந்துகொண்டவள்.

நிலைமையைச் சூரியபிரகாஷிடம் சொன்னாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "சரி, இத ஏன் வெளிய சொல்லணும்? அவன் புடுங்குனத ஊரே பாத்திருக்கு. நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது மீனா?"

"அவன் வேலை போயிருமேண்ணே."

"போகட்டுமே. அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா? நீதான அவனப் பாத்தா வாந்தி வருதுன்ன?"

அதுவும் உண்மைதான். அந்த எண்ணெய் விரலை நினைத்தால் இப்போதும் குமட்டியது. தண்டிக்கப்பட வேண்டிய ஆள்தான், பதினாலு வருடத்தில் எத்தனை பேருடைய பென் டிரைவைப் பிடுங்கிக் கெடுத்தானோ. ஆனால் இந்த ஒன்றை அவன் கெடுக்கவில்லை. அவள் அன்று மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தாள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாற்றம் எதுவும் இல்லாத கடைக்குள் உட்கார்ந்திருந்தும் இறங்கவில்லை.

சாயங்காலம் ராக்கம்மாள் ஒரு மனுவோடு வீட்டுக்கு வந்தாள். ஜெயபாண்டி லாரிக்காரனிடம் கைநீட்டி ஆதாரத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டான், அவனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே முப்பது கையெழுத்து.

"ஒன் கையெழுத்துத்தான் முக்கியம். நீதான் கேமரா வேலை தெரிஞ்சவ. அவன் புடுங்குனதுலதான் கெட்டுச்சுன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடு" என்றாள்.

முத்துமீனா பேனாவை வாங்கவில்லை. "சின்னம்மா, அவன் புடுங்குனதுல கெடல. நான் புடுங்குனதுல கெட்டுச்சு" என்றாள்.

ராக்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை. நாய், குடல், வாந்தி, மினுக்கிய விளக்கு, பழைய வீடியோ என்று எல்லாவற்றையும் முத்துமீனா சொல்லி முடித்தாள். ராக்கம்மாள் மனுவை மடியில் வைத்தாள். பிறகு, "ஏன்டி, அவன் மேல அப்படி என்ன பாசம் ஒனக்கு?" என்றாள்.

"பாசமா? அவன நெனச்சா இப்பவும் கொமட்டுது. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் என்னை நெனச்சாலே எனக்குக் கொமட்டும் சின்னம்மா."

"ஆதாரமும் போச்சு, ஆளும் போச்சு. நல்லா இருடி" என்று மனுவைச் சுருட்டிக்கொண்டு ராக்கம்மாள் எழுந்து போனாள்.

விஷயம் தெருவுக்குள் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குழாயடியில் முத்துமீனா குடத்தோடு நின்றபோது பேச்சு நின்றது. செல்லத்தாய் என்று ஒருத்தி, அவள் பிள்ளைக்கு இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு, முகத்துக்கு நேரே கேட்டாள்: "லாரிக்காரன் ஒனக்கு எம்புட்டுக் குடுத்தான் மீனா?"

முத்துமீனா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று அந்த நேரம் கண்மாய்ப் பக்கமிருந்து திரும்பியது. வாயைத் திறந்த இடத்தில் நாற்றம் உள்ளே போய் நாக்கில் படிந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

புதன்கிழமை அலுவலகத்துக்குப் போய் அதிகாரி அம்மாளிடம் எழுத்திலேயே கொடுத்தாள். மீட்ட இரண்டு வீடியோவையும் வேறொரு பென் டிரைவில் கொடுத்தாள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நீங்க இத வந்து சொல்லணும்னு அவசியம் இல்ல" என்றார். "ஆனா நம்பர் இல்லாம நான் யார் மேல நடவடிக்கை எடுக்கிறது? மறுபடி வந்தா எடுத்துட்டு வாங்க. நேரா என்கிட்டயே குடுங்க."

வெளியே வந்தபோது ஜெயபாண்டி வராண்டாவில் நின்றிருந்தான். கடிதத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்துவிட்டது. நன்றி சொல்லப் போகிறானோ என்று முத்துமீனா ஒரு கணம் நினைத்தாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, பென் டிரைவ் டூப்ளிகேட்டுன்னு" என்றான் அவன். "வேலை தெரியாதவங்களெல்லாம் கேமரா மாட்டக் கெளம்பிட்டாங்க. எம்மேல பழியப் போடப் பாத்தீங்கள்ல?" சொல்லிக்கொண்டே சுண்டு விரல் நகத்தால் பல்லிடுக்கில் எதையோ நோண்டி எடுத்து, பார்த்து, மறுபடி வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

முத்துமீனா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். இவனுக்காகத்தான் தெருவே தன்னிடம் பேசாமல் இருக்கிறது என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் எழுதிக் கொடுத்ததை நினைத்து அவள் வருத்தப்படவில்லை.

மூன்று வாரம் லாரி வரவில்லை. வீடியோ எடுத்த கதை லாரிக்காரன் காதுக்கும் போயிருக்க வேண்டும். பழைய குவியல் மட்டும் அழுகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் மழை தூறியதில் அது கரைந்து கூழாகி, கரையோரம் கறுப்பு நுரை கட்டியது. முத்துமீனா தினமும் வேலை முடிந்து வரும் வழியில் பம்புசெட் அறைக்குள் நுழைந்து, கேமரா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பெட்டிக்குள் இருந்த சின்ன ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, ஒரு மாதம் தாங்குகிற மாதிரி பெரியதைத் தன் சொந்தக் காசில் வாங்கிப் போட்டாள். முத்துக்கருப்பனிடம் சாவிக்கு ஒரு மறுசாவியும் வாங்கிக்கொண்டாள். அவர் மட்டும் அவளிடம் பழைய மாதிரியே பேசினார். "தப்புப் பண்றது எல்லாரும்தான். ஒத்துக்கிட்டவளத்தான் வையிறாங்க, விடுத்தா" என்றார்.

நம்பர் சிக்காத கதையும் அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "மீனா, வந்துட்டுப் போயிட்டான். புதுசா இருவது மூட்டை கெடக்கு."

"பெட்டியத் தொடாதீங்கண்ணே. இந்தா வாரேன்."

பம்புசெட் அறை அன்றைக்கும் கொதித்தது. இந்த முறை நாய் வரவில்லை, ஈ வந்தது. பச்சை ஈக்கள் திரையிலும், அவள் இமையிலும், உதட்டிலும் உட்கார்ந்தன. கையால் விரட்டினால் எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. சற்று முன் அவை எதன் மேல் உட்கார்ந்திருந்தன என்று அவளுக்குத் தெரியும். உதட்டை இறுக மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். நம்பர் இந்த முறையும் விழுந்திருந்தது. ஓட்டுநர் முகமும் விழுந்திருந்தது. கோடு நகர்ந்து முடிந்து மறைந்தது. விளக்கு மினுக்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சே, எடுக்கலயா?" என்று கேட்டாள் வாசலில் நின்ற ராக்கம்மாள். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இல்ல சின்னம்மா. அது இன்னும் எழுதிக்கிட்டிருக்கு." பிறகு அகற்று என்பதை அழுத்தினாள். 'இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலவும்' என்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். இப்போது எடுக்கலாம் என்று வந்தது. விளக்கும் நின்றது. அப்போதுதான் எடுத்தாள்.

எடுத்ததோடு விடவில்லை. மறுபடி செருகி, மூன்று வீடியோவையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தாள். அந்தக் குவியலை முகம் திருப்பாமல் பார்த்தாள். இன்னொரு பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து ராக்கம்மாளிடம் கொடுத்தாள். முத்துக்கருப்பனின் போனில் ஒரு நகல் ஏற்றினாள். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ராக்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழு நேரமும் கூடவே நின்றாள். பாதியில் தன் கையால் முத்துமீனாவின் முகத்தில் உட்கார்ந்த ஈக்களை விசிறிவிட்டாள்.

மறுநாளே அதிகாரி அம்மாள் வீடியோவைப் பார்த்தார். அந்த வாரமே லாரியைப் பிடித்துவிட்டார்கள். நகரத்தில் பத்துப் பதினைந்து கோழிக்கடைகளின் கழிவை ஊருக்கு வெளியே அப்புறப்படுத்துவதாக ஒப்பந்தம் எடுத்திருந்தான் ஒருவன். அவனுக்கு அபராதம் போட்டு, கண்மாய்க் கரையை அவன் செலவிலேயே சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. செல்லத்தாய் குழாயடியில், "கோவிச்சுக்காத மீனா, பிள்ளைக்கு முடியாத கடுப்புல கேட்டுட்டேன்" என்றாள். முத்துமீனா சரி என்றாள். அந்தக் கேள்வியை அவளால் மறக்க முடியவில்லை. அதைச் செல்லத்தாயிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக் கரையோரம் நடந்தபோது, குவியலுக்குள் நான்கு பேர் இறங்கி நின்றார்கள். ஒப்பந்தக்காரன் அனுப்பிய கூலியாட்கள். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு மட்டும். கணுக்கால் வரை அந்தக் கூழில் நின்றுகொண்டு, வெறும் கையால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் முழங்கை வரை மஞ்சளாக வழிந்தது. அவள் அதை அப்படியே தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். சற்றுத் தள்ளி, புளியமர நிழலில் பைக் மேல் உட்கார்ந்து ஒருவன் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் முகத்துக்கு முகமூடி போட்டிருந்தான்.

முத்துமீனா விலக்குக்குப் போகாமல் திரும்பி நடந்து ராக்கம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சின்னம்மா, வெறுங்கையால அள்ள விட்டிருக்கான்."

ராக்கம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இருவரும் கரைக்கு வந்தபோது தெருவிலிருந்து இன்னும் பத்துப் பேர் பின்னால் வந்தார்கள். செல்லத்தாய் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் எடுத்து வந்திருந்தாள்.

"மெசின் கொண்டா. இல்லாட்டி நீ முகமூடியக் கழட்டிப்புட்டு எறங்கி அள்ளு" என்றாள் ராக்கம்மாள் பைக்காரனிடம். "இவங்க அள்ளக் கூடாது."

"ஒங்க கண்மாயத்தானம்மா சுத்தம் பண்ணுறோம். நிறுத்துனா நாறப்போறது ஒங்க தெருதான்" என்றான் அவன்.

"ஆறு மாசம் நாறுச்சு. இன்னும் நாலு நாள் நாறட்டும்."

முத்துமீனா அந்த நான்கு பேரையும் மேலே ஏறி வரச் சொன்னாள். அவர்கள் தயங்கி, பைக்காரனைப் பார்த்து, பிறகு ஏறினார்கள். முழங்கை வரை வழிந்த பெண்ணின் கையில் அவளே தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் நீர் ஓடி முத்துமீனாவின் புதுச் செருப்பில் விழுந்தது. அந்தப் பெண் சங்கடப்பட்டுக் கையை இழுக்கப் பார்த்தாள். "பரவால்ல அக்கா, நல்லா தேய்ங்க" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள் முத்துமீனா.

பொக்லைன் வியாழக்கிழமைதான் வந்தது. இரண்டு நாள் அள்ளி, மூன்று லாரி ஏற்றிக்கொண்டு போனார்கள். அள்ளிய பள்ளத்தில் சுண்ணாம்புத்தூள் போட்டார்கள். தண்ணீர் சுத்தமாக இரண்டு மழையாவது பெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து பார்த்த மருத்துவர். அதுவரைக்கும் தெருவுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது. கேமராவை முத்துமீனா கழற்றவில்லை.